மேம்பாலத்தில் திணறிய மூவாயிரம் வாட்

அன்று வண்டியில் இருந்தது நான், என் மனைவி செல்வி, காலடியிலும் எங்களுக்கு நடுவிலுமாக நாற்பது கிலோ இட்லி மாவு. மந்தைவெளியில் மாவு அரைத்து அடையாறு ஓட்டல்களுக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், எதற்கும் பயப்படுவேன். அந்த மின்சார ஸ்கூட்டரை வாங்கும்போது பிரேக், டயர், ஹாரன் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த ‘மூவாயிரம் வாட் மோட்டார்’ என்பதை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். ஓட்டிப் பார்த்ததுகூட கோபாலபுரத்துச் சமதளத் தெருவில், தனியாளாக.

அன்று அடையாறு போகும் வழியில், மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி திணறியது. முழுசாக முறுக்கியும் நடை வேகம்தான். பின்னால் மாநகரப் பேருந்து.

“இன்னா நைனா, ஊர்வலமா போய்க்கினு கீற? ஓரமா போ!” என்று ஓட்டுநர் கத்தினார்.

வண்டி நின்று, பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. செல்வி குதித்து இறங்கி, தோள் கொடுத்துத் தாங்கினாள். பேருந்து அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது.

பிறகு வண்டியைப் பார்த்த மெக்கானிக்தான் விளக்கினார். “மூவாயிரம்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தாண்ணே. சூடாச்சுன்னா தானே கொறச்சுக்கும். வுடாம இழுக்கறது ஆயிரத்து எரநூறு. அத்த பொடி எழுத்துல போட்டுக்கீறான்.”

“ஹாரனை ரெண்டு வாட்டி அடிச்சுப் பாத்தியே, இத்த கேட்டியாய்யா?” என்றாள் செல்வி.

இப்போது மாவை இரண்டு நடையாகக் கொண்டு போகிறேன். செல்வியை ஏற்றுவதில்லை. வண்டி வாங்குகிற எவரிடமும், விடாமல் எத்தனை வாட் இழுக்கும் என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். பாரத்தோடு மேடு ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். கடைக்காரர் வண்டியைத் திருப்பி எடுக்கவில்லை. அதன் கடனில் இன்னும் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.