பால் பல்லுக்குக் கீழே

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சோற்றை இடது கன்னத்துக்கே தள்ளித் தள்ளித் தின்றாள். ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஐஸ்கிரீம் வாயில் பட்டதும் வீறிட்டு அழுதாள். டார்ச் அடித்துப் பார்த்தால், வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி.

"பால் பல்லுதானே, தானா விழுந்துடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. துபாயிலிருந்து போனில் பேசிய என் கணவர்தான், "விழற வரைக்கும் புள்ள வலியோட இருக்கணுமா? நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்றார்.

பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். பல் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். "பால் புட்டியோட தூங்குவாளா?" என்று மட்டும் கேட்டார். மூன்று வயது வரை அப்படித்தான், அதுவும் சர்க்கரை போட்ட பால். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரே எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டினார்.

"சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு. இப்ப இதுக்குக் கீழ பாருங்க."

பால் பல்லின் இரண்டு வேர்களுக்கு நடுவில், எலும்புக்குள், இன்னொரு பல் இருந்தது. வேர்கூட விடாத பல். தலை மட்டும் வெள்ளையாக உருண்டிருந்தது.

"இது வெளிய வர இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகுங்க. அதுவரைக்கும் இந்தப் பல்லுதான் அதுக்கு இடம் பிடிச்சு வைக்கணும். அதான் புடுங்காம காப்பாத்தப் பாக்கறேன்."

நான் தினமும் முத்தம் கொடுக்கிற தாடை அது. அதற்குள் யாரும் சொல்லாமல், சத்தமே இல்லாமல் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்று என்னையறியாமல் வாயில் வந்தது.

"பல்லைத் தூங்க வைக்கப் போறேன்" என்று மகளிடம் சொல்லி ஊசி போட்டார் டாக்டர். ஊசி என்றால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவள், என் விரலை மட்டும் நசுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கன்னத்தைத் தட்டிப் பார்த்து, "தூங்கிடுச்சும்மா" என்றாள் ரகசியமாக. பிறகு வாயைத் திறந்தபடியே கிடந்தாள். டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்து, மருந்து வைத்து அடைத்து, மேலே குட்டி ஸ்டீல் தொப்பி ஒன்றை மாட்டி அழுத்தினார். அத்தனை நேரமும் அவள் அசையவில்லை. இவள் என் மகள்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று மாலை என் கணவர் வீடியோ காலில் வந்ததும், "அத்தா, வெள்ளிப் பல்லு!" என்று போன் முழுக்க வாயைத் திறந்தாள். நான் எக்ஸ்ரே படத்தை அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் உள்ளயே இருக்கா?" என்றார் கடைசியில்.

நான்காம் நாள் பொரித்த மீன் வைத்தேன். மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்து வலது பக்கம் வைத்துக் கடித்தாள். ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மென்றுகொண்டே, "இன்னொண்ணு வைம்மா" என்றாள்.