ஜன்னல் வெயிலை நம்பினேன்

தீனிக்கான வெட்டுக்கிளி டப்பாவைத் திறந்ததும் எழும் ஈரத் தவிட்டு வாடையில், மகளின் பச்சோந்தி கிளையிலிருந்து விழுந்த அந்தக் காலை இன்றும் திரும்பி வருகிறது.

ஷார்ஜா ஃபிளாட்டில், ஏசிக்காக எப்போதும் மூடியிருக்கும் ஜன்னலோரம் அதன் ஆளுயரக் கூண்டு இருந்தது. இத்தனை வெயிலில் விளக்கு எதற்கு என்று சொன்னவன் நான்தான். விழுந்ததன் கால்கள் வளைந்திருந்தன.

“அப்பா, செத்துடுமா?”

பிராணி மருத்துவர் கால்சியம் கொடுத்து, புற ஊதா விளக்கு அவசியம் என்றார். பிராணிகள் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் காயல்பட்டினத்து காதர் காக்கா (அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) சிரித்தார்.

“கண்ணாடி வெளிச்சத்த விடும் சார், எலும்புக்கு வேண்டிய கதிர விடாது. ஏசிக்குள்ள உக்காந்து வெயில் காயச் சொன்னீங்களாக்கும்!”

நான் எடுத்த சின்ன பல்பைப் பிடுங்கி வைத்தார். “பெரிய கூண்டுக்கு நீளக் குழல்விளக்குதான். கம்பிவலை மேல வைங்க. ஒரு சாண் கீழ கிளை இருக்கட்டும்.”

சில வாரங்களில் பச்சோந்தி மறுபடி கிளையேறியது. கால் வளைவு நிமிரவில்லை, பிடி திரும்பிவிட்டது. எரிந்துகொண்டிருந்தாலும் குழலில் கதிர் குறைந்துவிடுமாம். அதனால் இப்போது வாங்கிய தேதியை அதன்மேலேயே எழுதி, ஆறு மாதத்தில் மாற்றிவிடுகிறேன்.

முதல்முறை மாற்றுவதற்குக் காக்கா கடையில் குழல் வாங்கிக் கிளம்பும்போது மகள் விரலை நீட்டினாள். “காக்கா, பச்சோந்தி இறுக்கிப் பிடிச்சு கீறிடுச்சு!”

“வலிக்குதா? அப்ப அது நல்லா இருக்குன்னு அர்த்தம்மா. போயிட்டு வாங்க.”