கப்பலில் போன சீனி

இன்று காலை இங்கே கனடாவில், எங்கள் ஸ்ரௌவ்வில்லில் உறைமழை. வேலைக்குப் போக வாசலுக்கு வந்தால் படிக் கம்பி முழுக்க பனிக்கட்டி. பார்த்ததும் வால்டரின் பேஸ்போல் மட்டை நினைவுக்கு வந்துவிட்டது. பிந்தினாலும் பரவாயில்லை, உங்களுக்குச் சொல்லிவிட்டே போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் ஊர்க்காரரான சிவம் அண்ணையும் வெக்ஸ்போர்ட்டில் வால்டர் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். வால்டருக்கு எழுபது தாண்டியிருக்கும், தனி ஆள். உறைமழை பெய்தால் போதும், மட்டையோடு வெளியே வந்து கம்பி, கதவு, தபால்பெட்டி எல்லாவற்றையும் அடி அடியென்று அடிப்பார்.

"உந்தாளுக்கு மூளை தட்டிப்போட்டுது. நீ போய் ஒண்டும் கேளாதை," என்றார் சிவம் அண்ணை.

என் வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். இரண்டாம் உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல் மாலுமியாக இருந்தபோது பழகியதாம். ரஷ்யாவுக்கு மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வடதுருவக் கடலில் கூட்டமாகப் போகும். சுற்றிவரப் போர்க்கப்பல்கள் காவல். தெறிக்கும் அலை கப்பலிலேயே உறைந்து பாரமேறும். அடித்து உடைக்காவிட்டால் கப்பல் கவிழ்ந்துவிடும். இன்னொரு கட்டளையும் இருந்தது: ஒரு கப்பல் அடிபட்டால் மற்றவை நிற்கக்கூடாது. தண்ணீரில் கிடந்து கைகாட்டிய சிநேகிதனைக் கடந்துதான் வால்டரின் கப்பல் போயிருக்கிறது.

குளிப்பது எப்படி, சாப்பாடு என்ன என்று நான் துளைத்தெடுத்தேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். அப்போது ஊரில் யுத்தம்; எங்கள் பக்கத்துக்கும் பாதை மூடி, சாமான் கப்பலில்தான் போய்க்கொண்டிருந்தது என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். "உன் அம்மாவைக் கேள், கப்பலில் வருவது அவர் கைக்குக் கிடைக்கிறதா என்று. நாங்கள் துறைமுகத்தில் இறக்கியதோடு சரி. ஒருவராவது அதைச் சாப்பிட்டதை நான் காணவில்லை. அவன் எதற்குச் செத்தான் என்று எனக்குத் தெரியவேண்டும்."

எழுதினேன். மூன்று மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது: "கப்பல் வந்தது தம்பி. கூட்டுறவுச் சங்கக்கடையில விடிய வெள்ளன போய்க் கியூவில நிண்டன். என்ர முறை வரேக்க சீனி முடிஞ்சுது."

வெளிநாட்டு முத்திரையைக் கண்ட வால்டர் என்னெதிரே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அம்மாவுக்குச் சீனி கிடைத்ததாம், தேநீரில் போட்டுக் குடித்தாராம் என்றேன்.

"எத்தனை கரண்டி?"

"இரண்டு."

"இரண்டு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

அம்மா கனடா வந்தபோது வால்டர் இல்லை, வீட்டையும் இடித்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். "நல்ல வேலை செய்தனி. ஆனா நான் ஒரு கரண்டிதானே போடுறனான்," என்று சிரித்தார்.

இப்போது அம்மாவும் இல்லை. அந்தத் தேநீரை யாருமே குடிக்கவில்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.