சீட்டு இல்லாமல் உள்ளே நுழைந்த ஞாயிறு

அந்த ஐப்பசியில் என் கணவர் சாகக் கிடந்தார். அவரைப் பிழைக்க வைக்க மூன்று பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார் டாக்டர். அன்றைக்கு மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார். நான் கோபத்தோடு ஜெபித்தேன். ஆண்டவர் கேட்டார். சாட்சி என்று சொன்னால் இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களுக்குச் சௌகரியமாகப் போய்விடும். நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கட்டபெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். அந்த அறையைக் காம்பரா என்போம். கொழுந்து பறிக்கிறவள். இந்த ஊர்க்காரர்கள் எங்களைச் சீலோன்காரர்கள் என்கிறார்கள். சீலோனில் இருந்தபோது எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். அண்ணன் குடும்பத்தை வேறு கப்பலில் ஏற்றிக் கூடலூர்ப் பக்கம் அனுப்பினார்கள். நானும் என் கணவர் சாமுவேலும் இரண்டு பெண் பிள்ளைகளும் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம்.

சீலோனில் எங்கள் தோட்டத்தில் ஸ்காட்லாந்து துரைமார் காலத்துக் கோயில் ஒன்று இருந்தது. பிரஸ்பிட்டேரியன் சபை. பத்து வயதிலிருந்து நான் அங்கே பாடகர் குழுவில் பாடினேன். இங்கே வந்ததும் அதே சபை கட்டபெட்டிலும் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு நாடே எங்களை வெளியே தள்ளினால் என்ன, என் சபை இருக்கிறதே என்று நினைத்தேன். முதல் ஞாயிறே பிள்ளைகளுக்குத் தலைசீவி, மேட்டிலிருந்து நடந்து இறங்கிப் போனோம்.

அங்கே கேட்ட முதல் கேள்வி, "கடுதாசி இருக்குதுங்களா?"

இந்தச் சபையின் வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்தில் நான்கு தடவை, கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து நடக்கும். அதற்கு முந்தின வாரம் சபையை நடத்தும் ஐந்து மூப்பர்களும் ஊரை ஐந்து வட்டமாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். சுகம் விசாரித்து, ஜெபம் பண்ணி, பதிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய சீட்டு ஒன்று கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சீட்டு இல்லாதவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். சீட்டு உள்ளவர்கள் அதைத் தட்டில் போட்டுவிட்டுப் பந்திக்குத் தங்குவார்கள். வேறு ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, பழைய சபையின் மாற்றுக் கடிதம் வந்தால்தான் பதிவில் பெயர் ஏறும்.

எங்களுக்குக் கடிதம் யார் கொடுப்பது? சீலோன் போதகருக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. சபையார் எல்லோரையும் கப்பலேற்றிவிட்டு அந்தக் கோயிலைப் பூட்டிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பூட்டிய கோயிலிலிருந்து கடிதம் கொண்டு வா என்றால் எங்கே போவேன்?

எங்கள் பக்கத்து வட்டம் மூப்பர் தங்கராஜ் ஐயாவுடையது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன்தான். ஆனால் சட்டம் என்றால் சட்டம். ஒவ்வொரு மாதமும் கேட்பார், "கடுதாசி வந்துருச்சுங்களா, அம்மணி?" நான் இல்லை என்பேன். "வரட்டுமுங்க, பாத்துக்கலாம்" என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் இதே பேச்சு.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரியும். ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிப்பார்கள். பாடகர் குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர்கள் தேவை, நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்துக்கு ஆட்கள் தேவை, எல்லோரும் ஊழியத்தில் பங்குபெறுங்கள் என்று கேட்பார்கள். நான் பாடகர் குழுவுக்குப் பெயர் கொடுத்தேன். குழுத் தலைவி லில்லி அம்மா, "குரல் நல்லாத்தான் இருக்குதுங்க. ரோல்ல பேரு ஏறட்டும்" என்றார். ஓய்வுநாள் பள்ளியில் கேட்டேன். பெயர் ஏறட்டும். கோயில் கூட்டிப் பெருக்குகிறேன் என்றேன். அதற்கு மட்டும் யாரும் கடிதம் கேட்கவில்லை.

புதியவர்களை வரவேற்கும் குழு என்றுகூட ஒன்று இருந்தது. எங்கள் லயத்தில் ஏழு குடும்பம் இந்தச் சபைக்காரர்கள், ஏழும் புதியவர்கள். எங்களை வரவேற்க ஒரு ஆள் மேடு ஏறவில்லை. மற்ற ஆறு குடும்பமும் போதும் சாமி என்று கோயிலுக்கு வராமல் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் வீம்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை, சாமுவேல் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தார். மழையில் மரம் வழுக்கியது. விழுந்ததில் தொடை எலும்பு ஒடிந்து சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது செடிக்கடியில் மண்ணெல்லாம் ரத்தம். தோட்டத்து ஜீப்பில் போட்டுக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற கருப்பாயி அக்கா என் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அவள் புருஷன் வீரனும் இன்னொருவரும் எங்களோடு வந்தார்கள்.

அன்றைக்குக் கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். ஞாயிறு காலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் ஆபரேஷன் பண்ணியே ஆகணும்மா. ரத்தம் ரொம்பப் போயிருச்சு. இவருக்கு பி குரூப். மூணு பாட்டிலாவது இருந்தாத்தான் கத்தி வைக்க முடியும். இங்க இருப்பு இல்ல. மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, கோயம்புத்தூருக்கும் ஆள் அனுப்ப முடியாது. சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வாங்க."

"சொந்தத்தையெல்லாம் கப்பல்லயே பிரிச்சுப்புட்டாங்க, ஐயா" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் மூவரையும் சோதித்தார்கள். என் கூட வந்த ஒருவருக்கு வேறு குரூப். வீரனுக்கு பி தான், ஆனால் உடம்பில் ரத்தம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். நர்ஸ் என் கண்ணுக்கடியில் இழுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணுமே" என்றாள். சீலோனில் மூன்று தலைமுறை தேயிலை பறித்தோம், இங்கே வந்தும் பறிக்கிறோம். ஒரு ஆபத்துக்குக் கொடுக்க எங்கள் உடம்பில் ரத்தம் இல்லை.

வீரனைச் சாமுவேல் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டுக் கட்டபெட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஜெபித்தேன். நான் எப்படி ஜெபித்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, வீட்டை எடுத்தீர், பேசாம இருந்தேன். அம்மாவைப் பிரிச்சீர், பேசாம இருந்தேன். இந்த மனுஷனையும் எடுத்தீர்னா இனிமே உம்மோட பேச்சே இல்ல. அந்தக் கோயில்ல உம்ம பேரைச் சொல்லிக்கிட்டு இத்தன பேரு உக்காந்திருக்காங்களே, அவங்களை எழுப்பும். இல்லேன்னா நான் எழுப்புறேன், எனக்குத் தைரியத்தைக் குடும்." முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தாள். சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

அன்று திருவிருந்து ஞாயிறு. நான் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்து, சீட்டு இல்லாதவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சேலையெல்லாம் ரத்தக் கறை. நடுப்பாதையில் சீட்டு வாங்கும் தட்டோடு தங்கராஜ் ஐயா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, இப்ப உள்ள வரக்கூடாதுங்க..." என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"சீட்டு இல்ல ஐயா! கடுதாசியும் இல்ல! எம் புருஷன் குன்னூர் ஆஸ்பத்திரியில ரத்தமில்லாம கெடக்காரு. மத்தியானத்துக்குள்ள மூணு பாட்டில் ரத்தம் வேணும், பி குரூப்பு. அத வாங்கிட்டுப் போறதுக்கும் சீலோன்லேருந்து கடுதாசி கொண்டாரணுமா? சொல்லுங்க! கிறிஸ்து தன் ரத்தத்தைக் குடுத்தாருன்னு இப்பச் சொல்லித்தானே அந்த மேசைய வச்சிருக்கீங்க? ஒங்கள்ல ஒருத்தருக்கும் குடுக்க மனசில்லையா?"

போதகர் மேசையண்டை நின்றபடி, "சகோதரிக்காக எல்லாரும் தலை குனிந்து ஜெபிப்போம்" என்றார்.

"ஜெபத்தை நான் பஸ்ஸுலயே பண்ணிட்டேன் ஐயா! நீங்க எந்திரிங்க!"

இப்படிப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

போதகர் என்னையே பார்த்தார். பிறகு அப்பத்தின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடினார். "பந்தி பிறகு. மூப்பர்மார் முன்னே வாங்க" என்றார். தங்கராஜ் ஐயா தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து தன் வட்டத்து நோட்டை எடுத்தார். மற்ற நான்கு மூப்பர்களும் எடுத்தார்கள். சீட்டு கொடுக்க அந்த வாரம்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்திருந்தார்கள். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்த வாலிபன் திடகாத்திரம், யாரிடம் வண்டி நிற்கிறது, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கோயிலில் இருந்தவர்களில் ரத்தம் கொடுக்கத் தெம்புள்ளவர்களை நின்ற இடத்திலேயே பிரித்தார்கள். வராதவர்களின் வீடுகளுக்கு ஆள் ஓடியது. தங்கராஜ் ஐயா ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, கெளம்புங்க, சோறு வந்து தின்னுக்கலாம்" என்று அதட்டியது கோயில் வரைக்கும் கேட்டது.

என்னை ஒரு வருஷம் வெளியே நிறுத்தி வைத்ததும் அதே நோட்டுதான். அரை மணி நேரத்தில் பதினான்கு பேரை முட்டைக்கோஸ் ஏற்றுகிற ஒரு வேனில் ஏற்றியதும் அதே நோட்டுதான். இந்த ஒழுங்கு, இந்த ஓட்டம், இத்தனை நாள் எங்கே போயிருந்தது? வேனில் உட்கார்ந்திருந்தபோது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

பதினான்கு பேரில் நான்கு பேருக்கு பி. ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததால் விட்டுவிட்டார்கள். மற்ற மூன்று பேர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் லில்லி அம்மா. ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், "வலிக்குமுங்களா?" என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். மத்தியானம் ஆபரேஷன் நடந்தது.

தங்கராஜ் ஐயாவையும் சோதித்தார்கள். வயதாகிவிட்டது, பிரஷர் இருக்கிறது என்று வேண்டாம் என்றார்கள். அவர் நர்ஸோடு சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மணி, உங்க ஊட்டுக்கு நான் ஒரு நாள்கூட வரலீங்க" என்றார்.

"ஆமாங்க. வரல" என்றேன்.

அவர் கண் கலங்கியது. பரவாயில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன் அழும்போது அப்படிச் சொல்வதுதான் மரியாதை. பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. டாக்டர் வெளியே வந்து, "பொழச்சுக்குவாரும்மா" என்று சொல்லும்வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தோத்திரம் ஆண்டவரே, தோத்திரம் என்று அந்தச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் தங்கராஜ் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூப்பர்கள் கூடிப் பேசினார்களாம், கடிதம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். என் பெயர் எழுதிய சீட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எனக்கு மட்டும்னா வேணாங்க. லயத்துல இன்னும் ஆறு குடும்பம் இருக்கு. அவுங்களுக்கு யாராவது மரத்துலேருந்து விழுந்தாத்தான் சீட்டு வருமா?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை வாரேனுங்க. நீங்க கூட இருந்து ஊடு காட்டோணும்" என்றார். சொன்னபடி வந்தார். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மேடு ஏறி, ஒவ்வொரு காம்பராவிலும் குனிந்து நுழைந்து உட்கார்ந்து, பாலில்லாத சாயத்தண்ணி குடித்து, பெயர் எழுதினார். மூடி வைத்த திருவிருந்து மறுநாள் நடந்தது. நாங்கள் ஏழு குடும்பமும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். சாமுவேல் மட்டும் இல்லை. அவருக்குப் போதகர் ஆஸ்பத்திரிக்கே அப்பம் கொண்டுபோனார்.

சாமுவேலுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மரம் ஏற முடியாது. ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்தும் வேலை பார்க்கிறார். இரண்டு பெண்களையும் அதட்டுகிறார், சிரிக்கிறார், என்னோடு சண்டை போடுகிறார். அவர் சாய்ந்து சாய்ந்து நடந்து வருவதைப் பார்க்கிற ஒவ்வொரு சாயங்காலமும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். லில்லி அம்மாவின் குழுவில் பாடுகிறேன். அவரோடு எனக்குச் சண்டையும் உண்டு, அவருடைய ரத்தம் என் வீட்டில் நடமாடுகிறது என்ற அன்பும் உண்டு. லயத்துப் பக்கம் ஆறாவது வட்டமாகிவிட்டது. பெண்களை மூப்பராக்குவது வழக்கமில்லையாம், ஆனால் வீடு வீடாகப் போகிறவள் நான்தான். கருப்பாயி அக்கா சாமி கும்பிடுகிறவள், எந்தப் பதிவிலும் இல்லாதவள். அவள் வீட்டுக்கும் போகிறேன், சுகம் விசாரிக்கிறேன்.

வாசிக்கிறவர்களே, நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே ஜெபியுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் அவர் என் ஜெபத்துக்குப் பதில் என்று வானத்திலிருந்து ரத்தத்தை இறக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். அடுத்தவன் பதிலுக்குக் காத்திருக்கும்போது நீங்கள் எழுந்திருக்கவில்லை என்றால், அவன் ஆண்டவரைத்தான் குறை சொல்வான். பாட்டு வருமென்றால் பாட வாருங்கள், சமைக்க வருமென்றால் சமைக்க வாருங்கள், ஒன்றுமே வராது என்றால் வந்து மேடு ஏறுங்கள். கடிதம் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் என்னிடம் சொல்லுங்கள்.

முந்தாநாள் மண்டபம் முகாமிலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இறங்கியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது, கம்பளி இல்லை. அவர்கள் என்ன சாமி கும்பிடுகிறார்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதி முடித்ததும் கிளம்புகிறேன். நீங்கள் எப்போது வருகிறீர்கள்?