சாப்பாட்டு நேரத்தில் தைத்த பீஸ்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. உள்ளே போட்டதுதான் வெளியே வரும், போடாதது வராது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேதாந்தம். நீங்கள் நம்பினால் நம்புங்கள், நான் சத்தியம் செய்யத் தயார்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். ஆர்டர் குறைந்துபோன நேரம். முதலாளி கூப்பிட்டு, "ஆறு மாசத்துல மணிக்கு ஆரு கம்மியாத் தெச்சிருக்காங்கன்னு பாருங்க. கடைசிப் பத்துப் பேரு லிஸ்ட்டு சாயந்தரத்துக்குள்ள வேணுங்க" என்றார். எதற்கென்று கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் வேலை போகும் என்று எனக்கே தெரியும்.

ரிப்போர்ட்டை ஓட்டினால், வந்து மூன்றே வாரமான ஜெசிந்தா அதிகம் தைத்தவர்களில் முதல் ஐந்து பேருக்குள் நிற்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கை ரொம்ப மெதுவு, இரண்டு தங்கைகளோடு இங்கே ராயபுரத்தில் இவள் ஒருத்தி சம்பாத்தியத்தில் இருந்தாள். தப்பு உடனே பிடிபட்டது. எங்கள் கம்பெனியில் ஒருவர் போய்விட்டால் அவர் டோக்கன் நம்பரை அப்படியே அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜெசிந்தாவின் நூற்றுப் பதினேழு அதற்கு முன் சரஸ்வதி அக்காவுடையது. கெட்டிக்கார டெய்லர், காய்ச்சலில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் தைத்ததெல்லாம் இந்தப் பெண் பெயரில் ஏறியிருந்தது. ஜெசிந்தா சேர்ந்த தேதிக்குப் பிறகு உள்ளதை மட்டும் எடுக்கும்படி மாற்றி எழுதினேன்.

அப்போதும் அவள் கடைசிப் பத்தில் வரவில்லை. மணிவாரியாகப் பிரித்தேன். தினமும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் நாற்பது பீஸ். அது சாப்பாட்டு நேரம், கரண்ட் மெயினையே அணைத்துவிடுவார்கள். அதைவிட, நான் செய்து கொடுத்த பதிவுத் திரையில் அந்த மணிக்குக் கட்டமே கிடையாது, யார் நினைத்தாலும் அங்கே எண் போட முடியாது.

மணி ஒன்று அடித்ததும் மாடியிலிருந்த தையல் ஹாலுக்குப் போனேன். படியேறும்போது ஒரு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா மிஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குகிறாள். பக்கத்தில் தைத்து முடித்த கட்டு. எண்ணினேன், நாற்பது. அயர்ன் மேசையிலிருந்து எடுத்தது போல வெதுவெதுப்பாக இருந்தன. பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், எனக்கும் கண் சொக்கியது. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன் என்று நினைத்தேன், இரண்டு மணி பெல் அடித்துவிட்டது. அவள் திடுக்கிட்டு எழுந்து, "ஒறங்கிட்டேன் சார், சூப்பர்வைசர் அண்ணன்ட்ட சொல்லிராதிய" என்றாள்.

கீழே வந்து யோசித்தேன். அந்த மதிய வரிகளை அழித்தால் ஜெசிந்தா போவாள். விட்டால் பத்தாவது ஆள் பரிமளா, அதே லைனில் பழைய டெய்லர், கண் மங்கிக் கொண்டிருந்தவர். யாரும் போடாத எண்ணை ரிப்போர்ட்டில் விட்டுவைப்பது என் தொழிலுக்குத் துரோகம். ஆனாலும் அழிக்க மனசு வரவில்லை. அப்படியே பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி முதலாளி கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலை, லிஸ்ட் இன்னும் கவருக்குள்தான் இருந்தது, பரிமளா கத்தரிக்கோலும் டிபன் பாக்ஸும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்கிறார்.

"வெசனப்படாதீங்க சார். அந்தப் புள்ளைக்குத்தான் ஆருமில்லீங்க. நான் எங்கக்கா ஊட்டுக்குப் போயிக்கறனுங்க."

அவர் பையைப் பிடித்து நிறுத்தினேன். "யாருங்க உங்ககிட்ட சொன்னது?"

"சரசக்காதானுங்க. நேத்து சோத்து நேரத்துல வந்து, உன்ற எடத்த விட்டுக் குடுக்கறயான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிப்போட்டனுங்க."

அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சரஸ்வதி அக்காவின் உடலைக் குளிப்பாட்டிப் புடவை கட்டிவிட்டவர் பரிமளாதான்.