எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை

என் மகள் நடந்துகொண்டிருக்கிறாள். கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கு நோக்கி, முதுகில் ஒரு பையோடு, மாதக் கணக்கில். தென்காசியில் என் அலுவலகத்தில் இதைப் பற்றி விசாரிக்காதவர்கள் இல்லை. ஏதோ ஆராய்ச்சிக்காம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் ஒன்றரை நாள் அவள் போன் அணைந்தே கிடந்தது. அந்த ஒன்றரை நாளில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இப்போதும் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

பிறகு யாருடைய போனிலிருந்தோ அவளே கூப்பிட்டாள். "போன்ல தண்ணி போயிட்டும்மா. காட்டுக்குள்ள வழியும் தப்பிட்டு. ஒரு ஆன்ட்டி கூடவே வந்து ரோட்டுல விட்டாங்க. நல்ல வேள, அவங்களுக்கும் அந்தப் பக்கம்தான் வேலையாம்."

அடுப்பை அணைத்துவிட்டு, கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அந்தச் சொல்லை எனக்கு முன்பே தெரியும். ஒன்பது வயதில், இரண்டு நாளில், மூன்று பேர் எங்களிடம் அதைச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் அப்போது சிவகிரி. தென்காசியில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவும் நானும் வந்திருந்தோம். அம்மாவுக்கு நிறைமாதம், துணைக்குச் சித்தியோடு வீட்டில் இருந்துவிட்டாள். சீசன் நேரம். கல்யாணம் முடிந்ததும் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அம்மாவுக்கென்று மங்குஸ்தான் பழங்கள் வாங்கினோம். மஞ்சள் பையில் போட்டு அப்பா என் கையில் தந்தார். அதை வீடுவரை கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு. ஈரத்தலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் வடக்கே போகும் பஸ் ஒன்றுகூட இல்லை. வழியில் எங்கோ ஊர்ச்சண்டையாம், பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்களாம், ரயிலும் ஓடவில்லையாம்.

கல்யாண வீட்டார் தங்கச் சொன்னார்கள். அப்பா ஒரு ராத்திரி தங்கினார். விடிந்தும் பஸ் இல்லை. என்னை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பப் பார்த்தார். நான் தரையில் விழுந்து அழுதேன். கடைசியில், "அம்பது கிலோமீட்டர் நடப்பியாட்டி?" என்று கேட்டார். ஆயிரம் என்றாலும் சரி என்றிருப்பேன்.

கிளம்பும்போது ஒரே ஒரு புத்தி சொன்னார். "யாரும் கேட்டா ஊரு பேரு மட்டும் சொல்லு. தெருவச் சொல்லாண்டாம்."

இது எனக்கு வருத்தம். கதவு எண், தெரு, தாலுகா என்று முழு விலாசத்தையும் மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்தவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். எங்கள் தெருவில் சாக்கடை வழிந்து ஓடும். அப்பா அதற்காக வெட்கப்படுகிறார் என்று முடிவுசெய்துகொண்டேன்.

பெரிய ரோட்டை விட்டுவிட்டுக் குளத்தங்கரையும் வாய்க்கால் வரப்புமாகவே அப்பா கூட்டிப்போனார். மலை இடதுகைப் பக்கமாகவே கூட வந்தது. சாரல் வரும், வெயில் வரும், மறுபடி சாரல் வரும். அப்பா அதிகம் பேசாதவர். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட ஊர்ப் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டார். அன்றைக்கு எதிரே வருகிறவர்களிடமெல்லாம் தானாகவே போய், "சிவகிரி போறோம். புள்ள அவ அம்மயத் தேடுது" என்றார். நான் யாரையும் தேடவில்லை. பள்ளிக்கூடம் இல்லாமல் இப்படியே நடந்துகொண்டிருக்கலாம் என்றிருந்தேன். அப்பா என்னைச் சாக்காக வைத்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் வந்தவர் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வைத்திருந்தார். தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோவதாகவும், அவருக்கும் அந்தப் பக்கம்தான் வேலை என்றும் சொன்னார். இரண்டு ஊரைக் கடக்கும்வரை எங்களுக்கு முன்னால் நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம் அவரே குசலம் விசாரித்துக்கொண்டு வந்தார். பிறகு வயலுக்கு நடுவே ஒரு பாலத்தடியில் நின்று, "இனி நேராப் போங்க" என்றார். தங்கச்சி வீடு எங்கே என்று கேட்டேன். நாற்றுக்கு நடுவே கையைக் காட்டி, "உள்ள தள்ளி இருக்கு" என்றார். எனக்கு நாற்றும் கொக்கும்தான் தெரிந்தன.

சாயங்காலம் கடையநல்லூரில் ஒரு தறிக்காரர் வீட்டு வாசலில் அப்பா தண்ணீர் கேட்டார். அந்த வீட்டு அக்காவின் கணவர் சவுதியில் இருந்தார். அக்கா செம்பை நீட்டும்போதே என் காலைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, புள்ளைக்குக் காலு வீங்கிட்டு. இங்கன படுத்துட்டு விடியப் போங்க" என்றாள். என் காலுக்கு உப்பு போட்ட வெந்நீர், எனக்கு இடியாப்பம், நிறுத்திவைத்திருந்த தறிக்குப் பக்கத்தில் பாய். காலையில் அவளுடைய மாமனார் சைக்கிளை எடுத்தார். நூல் வாங்கப் போக வேண்டுமாம், அவருக்கும் அந்தப் பக்கம்தான் வேலையாம். அவர் சைக்கிளை உருட்ட, அப்பா கூடவே நடக்க, நான் கேரியரில் ராணி மாதிரி உட்கார்ந்து போனேன். ஒரு கடைகூடத் திறக்காத நாளில் நூலை யார் விற்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புளியங்குடிக்கு முன்னால் என்னை இறக்கிவிட்டு, ஒரு மங்குஸ்தானை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

உலகத்தில் எல்லாருக்கும் எங்கள் வழியிலேயே வேலை வைத்த கடவுள் கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

புளியங்குடி தாண்டி எலுமிச்சைத் தோட்டங்கள். அங்கே வாய்க்கால் கரையில் ஒருத்தி புல் அறுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எனக்கு இருக்கும் வயதுதான் அவளுக்கு அப்போது இருக்கும். எங்களைக் கண்டதும் அரிவாளோடு நிமிர்ந்தாள்.

"எங்கன போறிய?"

அப்பா வழக்கமான வசனத்தைச் சொன்னார். அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் போகவேண்டிய வழியைப் பார்த்தாள். பாதி அறுத்த புல்லை அப்படியே சேர்த்துக் கட்டினாள்.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி. எனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை. எம்மவ வீட்டு மாடு ரெண்டு நாளாப் புல்லு இல்லாமக் கெடக்கு." கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "நீங்க எனக்குப் பின்னாலயே வாங்க. யாரும் கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

நடக்கும்போது என்னைச் சீண்டினாள். "ஏட்டி, பைக்குள்ள என்ன, பாம்பா?"

"மங்குஸ்தான். எங்க அம்மைக்கு."

"ஒனக்கு இல்லியா?"

"எனக்குக் குத்தாலத்துலயே வாங்கித் தந்துட்டாவ."

"வெவரமான புள்ளதான்" என்றாள்.

அவளுடைய ஊர் முகப்பில் ஒரு கொடிக்கம்பம். பாதைக்குக் குறுக்கே ஒரு வண்டிச் சக்கரம் கிடந்தது. கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஏழெட்டு இளவட்டங்கள் நின்றார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"யாரு இவுக?" என்று ஒருத்தன் கேட்டான்.

"நம்ம வீட்டுக்கு வந்தவுக."

"எந்த ஊராம்?"

"சிவகிரி."

அவன் அவளை விட்டுவிட்டு அப்பாவிடம் வந்தான். "சிவகிரில எந்தத் தெரு?"

 அப்பாவின் கை என் கையை நசுக்கியது. ஆனால் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. கதவு எண்ணிலிருந்து தாலுகாவரை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. வாயைத் திறந்தேன். அதே நேரம் அவள் தலைச்சுமை சரிந்து, ஈரப்புல் என் முகமெல்லாம் விழுந்தது. நான் புல்லைத் துப்பி முடிப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏலே, இவுக எங்க மயினிக்கு அண்ணன். எங்க வீட்டு ஆள நடுப்பாதையில நிறுத்தித் தெரு கேக்கியோ? ஒங்க அப்பன் எங்க வீட்டுல கஞ்சி குடிச்சு வளந்தானே, அவன்கிட்ட யாரு எதக் கேட்டா? சும தலைய அழுத்துது. சக்கரத்த நவுத்துங்கலே."

"சின்னம்மைக்கு ஊரு பூரா ஒறவு" என்று ஒருத்தன் சிரித்தான். சக்கரம் நகர்ந்தது. தெரு கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. "திரும்பி இப்படித்தான வருவ. அப்பப் பேசிக்கிடுதோம்" என்றான்.

எனக்குத் திடீரென்று ஒரு அத்தை கிடைத்த சந்தோஷம். அந்தத் தெருக்களைக் கடக்கும்வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன். ஊர் தாண்டி ஒரு வாய்க்காலில் அவள் நின்றாள். "இதப் புடிச்சே போனா வாசுதேவநல்லூரு. அங்கிட்டுப் பயமில்ல." பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பி நடந்தாள். புல்லுக்கட்டு தலையிலேயே இருந்தது.

"அத்த, புல்லக் குடுக்கலியா?" என்று கத்தினேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "அந்த மாட்ட நேத்தே வித்துட்டாளாம் தாயி."

"யாரும் வந்து சொல்லவே இல்லியேப்பா. அத்த பொய் சொல்லுதாவ" என்றேன்.

 அப்பா வாய்க்காலில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினார். சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது ஒருவருக்கு இவ்வளவு வேர்க்குமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு சேர்ந்தோம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பழம் நசுங்கியதற்குத் திட்டினாள், அப்பாவை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாளில் தம்பி பிறந்தான். விற்ற மாட்டுக்குப் புல் கொண்டுபோன அத்தையின் கதையை வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பொய்க்காரிக்கு ஒரு பழம் வீண் என்று ஒருத்தி சொன்னபோது நானும் ஒத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை, தெருவைத்தான் கேட்பார்கள் என்பது காலேஜுக்குப் போன பிறகு புரிந்தது. அதோடு மற்றதும் புரிந்தது. முருங்கைக்காய்க்காரருக்கு அங்கே தங்கச்சி இல்லை, அன்றைக்கு நூல் விற்ற கடை இல்லை, புல் தின்ன மாடும் இல்லை. எங்களோடு நடந்த மூன்று பேரில் ஒருவர்கூடத் தெருவைக் கேட்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

போன வாரம் மகளிடம் கேட்டேன். "அந்த ஆன்ட்டி திரும்பி எப்படிப் போனாங்க?"

"தெரியலம்மா. பஸ் ஏறியிருப்பாங்க. நான் பாக்கல."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன பார்த்தேன்? எலுமிச்சை மரங்களுக்கு அந்தப் பக்கம் புல்லுக்கட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பாதை கொடிக்கம்பத்துக்குத்தான் போகிறது, சிரிக்காத அந்த ஒருத்தன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான், இந்த முறை அவளுக்கு முன்னாலோ பின்னாலோ நடக்க யாருக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்காது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது என் கவலையெல்லாம், விற்றுவிட்டதாக அத்தை சொன்னது பொய் என்றால், அவள் மகள் வீட்டு மாடு இன்றைக்கும் பட்டினிதானே என்பதுதான்.