எட்டுத் தறி ஓடினால்தான் பேசுவாள்

போன மாதம் எனக்கு ஒரு வேலை வந்தது. சம்பளம் கிடையாது... ஆனால் மூக்கை நுழைக்க இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்குமா?

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டும் பெண்களுக்காக ஒரு மனநலத் திட்டம் நடக்கிறது. பணம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. அதைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்ய மார்த்தா என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். திட்டத்தின் திருப்பதி ஆபீஸில் எல்லோருக்கும் தெலுங்கும் இங்கிலீஷும் தண்ணீர் பட்ட பாடு. தறிக்காரப் பெண்கள் வீட்டில் பேசுவதோ தமிழ். "மேடம், நீங்க மொழிபெயர்க்க வர முடியுமா?" என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குடைச்சல். எங்கேயோ பனி பெய்யும் ஊரில் ஒருத்தர் கொடுக்கிற பணம், நகரியில் ஒரு பொம்பளைக்குப் போன தூக்கத்தை எப்படிங்க திருப்பிக் கொண்டுவரும்?

திட்டத்தின் கவுன்சிலர் தேவகிக்குத் தமிழ் தெரியும்; ஆனால் தன் வேலையைப் பற்றித் தானே மொழிபெயர்க்கக் கூடாதாம். காரில் அவள்தான் வள்ளியம்மாவைப் பற்றிச் சொன்னாள். (பேரை மாற்றிவிட்டேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டும்விட்டேன்.) புருஷன் தவறிப்போன பிறகு மாசக்கணக்கில் தூங்காதவள். இரண்டு தடவை கிணறு வரைக்கும் போய்த் திரும்பியவள். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் தேவகியிடம் அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கிறாள். தூங்குகிறாள், வேலைக்கு வருகிறாள்.

"அவங்க வாயத் தொறந்தா போதும் மேடம். ப்ராஜெக்ட் நிக்காது" என்றாள் தேவகி.

போய் இறங்கினால் வள்ளியம்மா வேலை செய்யும் தறி ஷெட்டில் மயான அமைதி. எட்டுத் தறியையும் ஓனர் நிறுத்தி வைத்திருந்தார்.

"வெளிநாட்லர்ந்து வந்துகீறாங்க. டமடமன்னு சத்தம் போட்டுக்கினு இருந்தா மரியாதையா இருக்குமாம்மா?" என்று கையில் கூல்டிரிங்க்ஸ் வேறு கொடுத்தார். பாவம், நல்ல மனுஷன்.

மார்த்தா கேட்க, நான் தமிழில் கேட்டேன். "தேவகி வர்றது உங்களுக்கு உதவியா இருக்கா?"

வள்ளியம்மா ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பாதித் தெரு நின்றுகொண்டிருந்தது.

"எனக்கின்னாம்மா? நல்லாத்தான் கீறேன். துன்றேன், தூங்கறேன். அந்தப் பொண்ணு வந்தா சும்மா ஊர்க்கதை பேசுவோம்."

அடுத்த இரண்டு பெண்களும் அதே பாட்டு. மார்த்தா என்னவோ எழுதினார். எட்டிப் பார்த்தேன் — கெட்ட பழக்கம்தான். 'தேவை இருப்பதாகத் தெரியவில்லை.'

தேவகியை ஓரமாக இழுத்தேன். "ஏம்மா, வள்ளியம்மா அரை மணி நேரம் பேசுவாங்கன்னியே?"

"தறி ஓடும்போதுதான் மேடம் பேசுவாங்க. பக்கத்துல நின்னு, காதுல வாய வெச்சி... யாருக்கும் கேக்காது இல்ல? அவங்க பொண்ணுக்கு இந்தத் தெருவுலதான் சம்பந்தம் பேசிக்கினு கீறாங்க. அம்மாவுக்கு மனசு சரியில்லன்னு தெரிஞ்சா அவ்ளோதான்."

"அடிப்பாவி! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஓனர் மரியாதைக்குப் பண்ணாரு. எப்படி மேடம் வேணாங்கறது?"

எனக்குத்தான் அந்த நாகரிகமெல்லாம் கிடையாதே! "தறிய ஓட்டுங்க அண்ணா" என்றேன். ஓனர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஸ்விட்ச் போட்டார்.

எட்டுத் தறியும் கிளம்பியது. காது அடைத்தது. வள்ளியம்மா நூலைப் பார்த்தபடியே என்னைக் கிட்டே இழுத்தாள். அவள் என் காதில் சொல்ல, நான் மார்த்தாவின் காதில் கத்த... அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அவள் சொன்னதில் ஒன்றைத்தான் எழுத எனக்கு அனுமதி. "இவ வர்றத நிறுத்திட்டா நான் மறுபடி அந்தக் கெணத்தாண்ட போய் நிப்பேனோன்னு பயமா கீது. அத அவங்களாண்ட சொல்லு."

சொன்னேன். மார்த்தா நோட்டை மூடிவிட்டார்.

போன வாரம் மெயில் வந்தது. திட்டம் இன்னும் ஒரு வருடம் தொடரும். கூடவே, கவுன்சிலிங்குக்காக 'சத்தம் நுழையாத தனி அறை' ஒன்று கட்டவும் பணம்! எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. அந்த அறைக்குள் ஒருத்தி நுழைந்தால் எத்தனை நிமிஷம் என்று தெருவே எண்ணிக்கொண்டிருக்குமே... அது எப்படி அவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்?

போனில் வள்ளியம்மாவிடம் சொன்னேன்.

"ரூம் கெடக்கட்டும்மா, நூல் மூட்டை போட்டுக்கலாம். தேவகி வருவா இல்ல?"

"வருவா. ஒரு வருஷத்துக்கு."

பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பறம்?" என்றாள்.

அதையே இங்கிலீஷில் எழுதி மார்த்தாவுக்கு அனுப்பியிருக்கிறேன்... ஒரே ஒரு வார்த்தைதான்.